சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர்

பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் மாமா, தாம் இளமையில் ஓட்டிய பழைய ரேஸ் சைக்கிளைத் தருமபுரிக்குக் கொண்டுவந்து உங்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கொம்புபோல் வளைந்த கைப்பிடி. மட்கார்டு இல்லாத மெல்லிய சக்கரங்கள். நீங்களும் ஆசையோடு துருவைத் தேய்த்து, வண்ணம் பூசி, குண்டுகளுக்குக் கிரீஸ் வைத்து, அதைப் புதுப்பிக்கிறீர்கள். கடைசியில் புது டயரை மாட்டிக் காற்றடித்தால், சக்கரம் சுற்ற மறுக்கிறது! டயரின் முதுகு ஃபோர்க்கின் உச்சியில் உரசுகிறது.

அதே சட்டம், அதே ரிம். ஆனாலும் டயர் ஏன் இடிக்கிறது? இக்கேள்விக்கு விடை காண நாம் நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பெல்ஃபாஸ்டில் எழுந்த சிக்கல்

1885ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் 'ரோவர்' என்னும் மிதிவண்டியைச் செய்தார். ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட இன்றைய சைக்கிளின் மூதாதை அதுவே. அதன் சக்கரங்களில் இருந்தவை கெட்டி ரப்பர் டயர்கள். அவை மெலிந்தவை, ஆகவே அவற்றைத் தாங்கிய ஃபோர்க்கும் குறுகலாகவே இருந்தது.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டிருந்தது. டன்லப்பின் டயர் பருத்தது. பழைய ஃபோர்க்குகளுக்குள் அது நுழையவில்லை! அதற்கென்றே அகன்ற ஃபோர்க் உள்ள வண்டிகளைச் செய்ய வேண்டியதாயிற்று. 1889 மே மாதத்தில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் அத்தகைய வண்டியில் ஏறிப் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வென்றார். பருத்த டயரைக் கண்டு நகைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பாருங்கள், வாசகர்களே! உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்று நீங்கள் எதிர்கொள்ளும் சிக்கல், காற்றடைத்த டயர் பிறந்தபோதே உடன் பிறந்ததுதான்.

உண்மை சொல்லாத எண்கள்

1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் டயரின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பியை வைத்து, அது ரிம்முக்குள் அமர்ந்து பிடித்துக்கொள்ளும் முறையைக் கண்டார். அன்று முதல், அந்தக் கம்பி அமரும் இடத்தின் விட்டமே மிக முக்கியமான அளவாயிற்று. ஆனால் டயரின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது அந்த அளவு அன்று. காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைக் குறித்து எப்போதோ வைத்த பெயர்தான் அங்கே நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 700 மி.மீ. வெளிவிட்டத்தை அடிப்படையாகக் கொண்டார்கள். டயர் பருத்தால் ரிம் சிறுக்க வேண்டும். மெலிந்தால் ரிம் பெருக்க வேண்டும். இவ்வாறு 700ஏ, 700பி, 700சி என்ற வகைகள் தோன்றின. இவற்றில் கம்பி அமரும் விட்டம் முறையே 642, 635, 622 மி.மீ. 700சி ரிம்மில் 39 மி.மீ. பருமனுள்ள டயரை மாட்டினால், 622உடன் இருபுறமும் 39 சேர, மொத்தம் சரியாக 700 வரும்.

இன்று அதே 622 ரிம்மில் 25 மி.மீ. டயரை மாட்டுகிறோம். வெளிவிட்டம் 672 மி.மீ.தான். பெயரில் 700 இருக்கிறது, சக்கரத்தில் இல்லை!

ஆங்கிலேயரின் அங்குலக் கணக்கும் இப்படியே. 28 × 1½ டயரின் கம்பி 635 மி.மீ. விட்டமுள்ள இடத்தில் அமரும். 27 × 1¼ டயருக்கு அது 630 மி.மீ. ஆக, பிரெஞ்சு 700பி-யும் நம் ஊர் 28 × 1½-உம் வேறு வேறு பெயர் பூண்ட ஒரே ரிம்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் உலகத் தரம் ஏற்பட்டது. அதன்படி டயரின் பக்கவாட்டில் 25-622 என்பதுபோல் இரண்டு எண்கள் சிறிதாகப் பொறிக்கப்படும். முதல் எண் டயரின் பருமன். இரண்டாவது, கம்பி அமரும் விட்டம். நம்ப வேண்டியது இந்தச் சிறிய எழுத்தைத்தான்.

நம் நாட்டுச் சக்கரம்

விடுதலைக்கு முன் நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து வந்தவை. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் தோன்றியது. அவர்கள் செய்த கறுப்பு நிறக் கனத்த சைக்கிளும் பிரிட்டிஷ் அமைப்பையே பின்பற்றியது: 28 × 1½ டயர், முன்சக்கரத்தில் 32 ஸ்போக், பின்சக்கரத்தில் 40. கடைக்காரர் '22 இன்ச் வண்டி', '24 இன்ச் வண்டி' என்பாரே, அது சட்டத்தின் உயரம். சக்கரத்தின் அளவு அன்று.

இந்த வண்டியில் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே மட்கார்டு நுழைந்த பிறகும் தாராளமான இடம் இருக்கும். ராகி மூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றிச் செம்மண் பாதையில் செல்லும் உழவருக்கு அந்த இடம் வீணன்று. மழைக்காலத்தில் சேறு அப்பினாலும், ரிம் கோணினாலும், ஒரு ஸ்போக் அறுந்தாலும் வண்டி வீடு போய்ச் சேரும். இடைவெளி என்பது அங்கே ஒரு காப்பீடு.

இடைவெளி ஏன் சுருங்கியது?

பந்தய வீரர்களின் வழி வேறு. டியூபைச் சுற்றித் தைத்து, ரிம்மின் மேல் பசையால் ஒட்டும் மெல்லிய டயர்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். சக்கரங்களை நெருக்கி வைத்தால் வண்டியின் நீளம் குறையும். திருப்பங்களில் சட்டென்று வளையும். பிரேக்கின் கைகள் குட்டையானால் பிடிமானம் உறுதிப்படும். மட்கார்டோ தேவையில்லை. ஆகவே 1970களில் பல பந்தய வண்டிகளில் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சில மில்லிமீட்டர்களே மிஞ்சின. நெருக்கமே வேகத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது.

மெல்லிய டயர்தான் விரைவானது என்ற எண்ணமும் இதற்குத் துணை நின்றது. இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. ஒரே காற்றழுத்தத்தில், பருத்த டயர் தரையைத் தொடும் பரப்பு நீளத்தில் குறைந்து அகலத்தில் கூடும். உருளும்போது டயர் நசுங்குவதால் வீணாகும் ஆற்றல் அதனால் குறைகிறது. கரடுமுரடான சாலையில் அதிர்வால் ஏற்படும் இழப்பும் குறையும். இப்போது பந்தய வீரர்களே 28 மி.மீ. டயரையும் அதைவிடப் பருத்ததையும் பூட்டுகிறார்கள். 2018இல் உலக மிதிவண்டிச் சம்மேளனம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. ரிம்மைக் கவ்வும் பிரேக் அகன்றதும், சட்டங்களில் இடம் மேலும் பெருகியது. 1889இல் நடந்ததே மீண்டும் நடந்திருக்கிறது!

ஆனால் உங்கள் மாமாவின் வண்டி இடைப்பட்ட காலத்தது. அதில் 23 மி.மீ. டயர் இருந்த இடத்தில் 32 மி.மீ. டயரை மாட்டினால், டயரின் உயரம் ஏறத்தாழ 9 மி.மீ. கூடும், பக்கத்துக்கு நாலரை மி.மீ. பருக்கும். உரசாமல் என்ன செய்யும்?

சிறு கல் செய்யும் வேலை

'உரசவில்லை, ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது, போதும்' என்று சிலர் கருதலாம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைச்சாலையை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், நொடிக்கு ஏறத்தாழ ஐந்து சுற்று. டயரில் ஒட்டிய ஒரு சிறு கல், ஐந்தில் ஒரு நொடிக்குள் ஃபோர்க்கின் உச்சியை அடைந்துவிடும். இடம் இருந்தால் கடந்து போகும். இல்லையேல் ஆப்புப்போல் இறுகும். முன்சக்கரம் நின்றுவிடும், வண்டியின் பின்புறமும் அதன்மேல் இருப்பவரும் நிற்க மாட்டார்கள். ஓட்டுபவர் தலைகுப்புறத் தூக்கி எறியப்படுவார்.

அளந்து பாருங்கள்

முதலில் ரிம்மின் எண்ணைக் காணுங்கள்: 622, 630, 635 எது? அதே எண்ணுள்ள டயரைத்தான் மாட்ட வேண்டும். 622 ரிம்மில் 630 டயர் எளிதாக ஏறிவிடும். ஆனால் தளர்ந்து நின்று, காற்றடித்ததும் கழன்று வெடிக்கலாம்.

அடுத்து, சக்கரத்தைக் கோட்டமின்றி நிமிர்த்தி, முழுக் காற்றடித்து, நான்கு இடங்களில் அளவெடுங்கள்: ஃபோர்க்கின் உச்சி, அதன் இரு பக்கங்கள், பெடல் அச்சுக்குப் பின்னால், பிரேக்கின் அடிப்பகுதி. எங்கும் குறைந்தது 4 மி.மீ. இருக்கட்டும். 4 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டு ஒன்றே போதுமான அளவுகோல். டயரில் அச்சிட்ட பருமனை மட்டும் நம்பாதீர்கள். அகன்ற ரிம்மில் டயர் இன்னும் சற்று விரியும்.

இடம் போதவில்லையா? மெல்லிய டயருக்கு மாறுங்கள். பின்சக்கர அச்சு அமரும் பள்ளம் நீளமானதாக இருந்தால், சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளலாம். 27 அங்குல வண்டியானால், 622 ரிம்முக்கு மாறுவதால் சுற்றிலும் 4 மி.மீ. கிடைக்கும், ஆனால் பிரேக் கட்டைகளையும் 4 மி.மீ. தாழ்த்தியாக வேண்டும். கட்டைகள் அவ்வளவு தாழ வழியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஃபோர்க்கை அரத்தால் ராவுவதோ, குழாயைச் சுத்தியால் நசுக்குவதோ மட்டும் கூடவே கூடாது. மெல்லிய எஃகுக் குழாய் அங்கேயே பலவீனப்பட்டு ஒருநாள் முறியும்.

அட்டைத் துண்டு எல்லா இடங்களிலும் உரசாமல் நுழைந்து வெளிவந்தால், மாமாவின் வண்டி ஒகேனக்கல் சாலைக்குத் தயார்.