ஊர் வழக்கு உலக மன்றம் ஏறிய வரலாறு

உலக விவகாரங்களைப் பேரரசுகளே தீர்மானிக்கும். சிறு கூட்டத்தார் செய்யத்தக்கது பத்திரிகை படித்துப் பெருமூச்செறிவது ஒன்றே என்று எண்ணுவோர் பலர். பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழியாரிடையே குடியிருக்கும் நம்போன்றார்க்கு அவ்வெண்ணம் இன்னும் எளிதில் தோன்றும். ஆயின் வரலாறு வேறு கூறுகின்றது. பிழைப்பு நாடிக் கடல் கடந்த ஒரு சிறு சமுதாயம், தன் தெருவில் எழுந்த வழக்கை உலகின் வழக்காக்கிய செய்தியை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட விழைகின்றோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்ட கூலியாட்கள். 1911 வரை இவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்க 1895-இல் சட்டம் பிறந்தது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா எழுந்தது. காந்தியடிகளின் முயற்சியால், ஏறத்தாழ 10,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் லண்டனில் இருந்த குடியேற்ற மந்திரிக்குச் சென்றது. நேட்டால் இந்தியக் காங்கிரசும் அவ்வாண்டே தோன்றியது. வாக்குரிமை ஈற்றில் வேறொரு சட்டத்தால் 1896-இல் பறிபோயிற்று. எனினும், கூடிப் பேசவும், சான்றுடன் முறையிடவும், தங்கள் குறையைத் தாய்நாட்டிற்கும் இங்கிலாந்திற்கும் எடுத்துரைக்கவும் அம்மக்கள் கற்றுக்கொண்டனர். அக்கல்வி வீண்போகவில்லை.

1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று 3 பவுன் வரியின் கொடுமையை விளக்கினர். சுரங்கங்களில் வேலை நின்றது. தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவிற்று. அச்செய்தி கேட்டு இந்தியா கொதித்தது. வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுவே சென்னையில் பேசுகையில் சத்தியாக்கிரகிகளிடம் தம் அனுதாபத்தை வெளியிட நேர்ந்தது. சிறையில் நோயுற்ற இளநங்கை வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-இல், விடுதலையான சில நாட்களில் உயிர் நீத்தாள். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது.

ஆயினும் நிறவேற்றுமை ஒழிந்திலது. இந்தியர் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டத்தை 1946-இல் ஸ்மட்ஸ் அரசாங்கம் இயற்றியது. ஜூன் 13-ஆம் நாள் டர்பன் நகரில், கேல் தெருவும் அம்பிலோ சாலையும் கூடும் முனையிலிருந்த வெற்று நிலத்தில் கூடாரமடித்துச் சட்டமறுப்பைத் தொடங்கினர். டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் தலைமை தாங்கினர். ஏறத்தாழ 2,000 பேர் சிறை புகுந்தனர்.

இந்தியா அப்பொழுது விடுதலை பெறவில்லை. எனினும் தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை முறித்துக்கொண்டு, ஐக்கிய நாடுகள் சபையின் முன் வழக்கைக் கொணர்ந்தது. விஜயலட்சுமி பண்டிதர் நம் தூதுக்குழுவிற்குத் தலைவராய் நின்று வாதாடினார். ‘இஃது எம் உள்நாட்டு விவகாரம், பிறர் தலையிடலாகாது’ என்றார் ஸ்மட்ஸ். மனித உரிமையைப் போற்றும் சபைச் சாசனத்தின் முன்னுரையை உருவாக்குவதில் பங்கு கொண்டவரும் அவரே என்பது கருதத்தக்கது. 1946 டிசம்பர் 8-இல், இந்தியரை நடத்தும் முறை சாசனத்திற்கு இயைந்திருத்தல் வேண்டும் என்னும் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7.

தீர்மானத்தால் சட்டம் உடனே நீங்கிவிடவில்லை. ஆனால், ஒரு நாட்டின் நிறவெறி அந்நாட்டின் சொந்த விவகாரம் மட்டுமன்று என்னும் கொள்கை உலக மன்றத்தில் வேரூன்றியது. பின்னர் நிறவொதுக்கலை எதிர்த்து எழுந்த நெடிய வாதங்களுக்கு இதுவே முன்னோடியாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தங்களுக்கு மட்டும் சலுகை பெற்று அமைந்துவிட அம்மக்கள் விரும்பியிருக்கலாம். அதற்கு மாறாக, 1947 மார்ச்சு 9-இல் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவுடன் நாயக்கரும் தாதுவும் ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரம் பல உயிர்களைக் குடித்தது. அக்காயம் பிரித்துவிடக் கூடியதே. பிரிக்கவில்லை; 1952-இல் நடந்த சட்டமறுப்பு இயக்கத்தில் இரு சாராரும் தோளோடு தோள் நின்றனர். 1994-இல் எல்லா இனத்தாரும் வாக்களித்த தேர்தல் நடந்தபொழுது, அவ்வெற்றியில் கரும்புத் தோட்டத்து உழைப்பாளர் பேரப்பிள்ளைகளின் பங்கும் இருந்தது.

தன் குறையைத் தெளிவாக எழுதுதல், அதற்காகத் தானே முதலில் துன்பம் ஏற்றல், அண்டை வீட்டாரின் குறையையும் தன் குறையாகக் கொள்ளுதல் ஆகிய மூன்றுமே அச்சிறு சமுதாயத்தின் வலிமை. நம் சங்கம் ஆண்டுவிழாவோடும் இன்னிசையோடும் அமையாது, நாம் வாழும் இந்நகரத்து மக்களின் நீர், பள்ளி, குடியிருப்பு முதலிய வழக்குகளிலும் தோள் கொடுக்குமாயின், நாமும் அவ்வழியில் ஓர் அடி வைத்தவராவோம்.