சாம்பல் முதல் எவர்சில்வர் வரை: ஏனம் விளக்கிய கதை



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் மற்ற சகோதரிகள் இந்த மலரில் எழுதுவார்கள். நான் எங்கள் குழுவில் சமையல் வேலை பார்ப்பவள். காதுகுத்து, வளைகாப்பு, கூட்டம் என்று நாங்கள் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போடும்போது எங்களுக்கு ஒரு வேலை மிச்சம் கிடக்கும். ஏனம் விளக்குற வேலை. யாரும் அதைப் பெரிசா பேசுறதில்லை. ஆனால் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஏனம் மாறுகிறபோதெல்லாம் விளக்குகிற முறையும் மாறியிருக்கிறது. புது முறையைக் கையால் செய்து பார்த்துப் பழகி, அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

மண்ணும் சாம்பலும்

நம் மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த ஒரு பொருளின் காலம் கி.மு. 580 என்று சோதனையில் வந்தது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால், உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான சட்டிகளைப் பார்க்கலாம். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உள்பக்கம் கருப்பாகும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். ஆகக் கருப்பு ஏனம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

மண்சட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. சோப்புப் போட்டால் அதையும் உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் குழம்பில் வாடை வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது பலரும் திரும்ப மண்சட்டி வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் இந்தப் பழைய முறையையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

விறகடுப்புக் காலத்தில் பெரிய தொல்லை கரி. எங்க அப்பத்தா உலை வைக்கிறதுக்கு முன்னாடியே பானைக்கு அடியில ஈரமண்ணைக் குழைச்சுப் பூசிவிடும். சமைச்சு முடிச்சு தண்ணி ஊத்துனா கரி மண்ணோட வந்துரும். கரி பிடித்த பிறகு மல்லுக்கட்டுவதைவிட, பிடிக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம் என்று அது தெரிந்து வைத்திருந்தது.

சாம்பலையும் சும்மா நினைக்க வேண்டாம். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் அது சோப்பு மாதிரி வேலை செய்யும். கூடவே நைசான தூளாக இருந்து தேய்க்கவும் உதவும். ஒரே பொருளில் சோப்பும் தூளும்!

பித்தளையும் புளியும்

பிறகு பித்தளை, செம்பு, வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்பு கலந்த ஏனத்தில் புளிக்குழம்போ மோரோ கிடந்தால் பச்சையாகக் களிம்பு ஏறும், அது உடம்புக்கு ஆகாது. அதனால் பித்தளைச் சட்டிக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்து துருத்தி வைத்து நெருப்பு மூட்டி, சூடான சட்டியில் நவச்சாரத்தூளைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்ளே வெள்ளையாகப் பளபளவென்று ஆகிவிடும். அதை முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பூச்சு சீக்கிரம் போய்விடும், திரும்ப அவருக்குக் கூலி. ஆகவே உள்ளே மெதுவாக, வெளியே புளியும் செங்கல் தூளும் போட்டு அழுத்தமாக. ஒரே ஏனத்துக்கு இரண்டு விதமாக விளக்கினார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். பூசுவதும் ரசச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது விஷம். வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று மாமியார்கள் சத்தம் போட்டார்கள்.

பித்தளை வெறும் ஏனம் இல்லை, பெண்களின் கையிருப்பு. சீராக வந்த அண்டாவும் குடமும் பஞ்சத்தில் அடகுக்கடைக்குப் போகும், அறுப்பு முடிந்து மீண்டு வரும். குழுக் கடன் வருவதற்கு முன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு அவசரக் கடன் கொடுத்தது அந்தக் குடம்தான். விளக்கி வைத்த குடத்துக்குத்தான் மதிப்பு என்பதால் பளபளப்பும் ஒரு சொத்துக் கணக்குதான்.

நடுவில் வந்த அலுமினியம்

1898 வாக்கில் சென்னை கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினிய ஏனம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். லேசானது, விலையும் குறைவு. ஆனால் சாம்பலும் சோடாவும் அதற்கு ஆகாது. காரம் பட்டால் கருத்துப் போகும், அரித்தும் போகும். பித்தளைக்கு உயிரான சாம்பல் அலுமினியத்துக்கு எமன். புளி வைத்துச் சமைத்தாலும் அதிலேயே ஊற வைக்கக் கூடாது. ஏனம் மாறினால் பழைய கைப்பழக்கத்தை அப்படியே கொண்டு போகக் கூடாது என்பதற்கு இதுவே முதல் பாடம்.

எவர்சில்வர்

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் சீக்கிரம் தேயாத துப்பாக்கிக் குழலுக்காக இரும்பில் குரோமியம் கலந்து பார்த்தார். துருப்பிடிக்காத எஃகு கிடைத்தது. துப்பாக்கிக்காகத் தேடியது நம் சாப்பாட்டுத் தட்டாக வந்து சேர்ந்தது! நம் ஊரில் அதற்கு எவர்சில்வர் என்று பெயர். சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1982இல் அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடு வணிக முறையில் வெளிவரத் தொடங்கியது. திருப்பூர் பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பித்தளை, செம்பு தட்டிய கைகள் எவர்சில்வரும் தட்டின. மதுரையில் புதுமண்டபத்துப் பாத்திரக் கடைகளில் பித்தளைக்குப் பக்கத்தில் எவர்சில்வரும் தொங்கியது. அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின.

கிராமத்துக்கு எவர்சில்வர் வேறு வழியாக வந்தது. பழைய துணிக்குப் பாத்திரம், ஜரிகைப் புடவைக்குப் பாத்திரம், பாத்திரச் சீட்டு. பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியவர்களும் உண்டு. கை வலி குறைந்தது உண்மை. ஆனால் பழையதாகப் போடும்போது பித்தளைக்குக் கிடைக்கும் விலை எவர்சில்வருக்குக் கிடைக்காது. அவசரத்துக்கு உதவிய அந்தக் கையிருப்பு அப்படிப் பல வீடுகளில் கரைந்துபோனது.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை மேலே போர்த்திக்கொள்ளும். லேசாகக் கீறினாலும் காற்றுப் பட்டுத் தானே மூடிக்கொள்ளும். இந்தப் படலத்தைக் காப்பாற்றுவதுதான் எவர்சில்வரை விளக்குவதன் ரகசியம். எங்கள் சமையல் வேலையில் நாங்கள் கடைப்பிடிப்பவை இவை:

- இரும்புக் கம்பி நாரைத் தொடுவதில்லை. அதன் சின்னத் துணுக்குகள் ஏனத்தில் ஒட்டித் துருப்பிடிக்கும். பழி எவர்சில்வர் மேல் விழும்.
- பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டுச் சும்மா விடுவதில்லை. அடியில் தங்கிய உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கிளறுகிறோம்.
- பிளீச்சிங் பவுடரில் ஊற வைப்பதில்லை. அதுவும் படலத்தைக் கெடுக்கும்.
- அடிப்பிடித்தால் சுரண்டுவதில்லை. தண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் தானாகக் கிளம்பும். அலுமினியத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.
- நம்ம பக்கம் போர்த் தண்ணி உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். எலுமிச்சைத் தோலோ புளித்தண்ணீரோ தடவிக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்தால் போதும். சூட்டில் வரும் வானவில் நிறமும் இதிலேயே போகும்.
- சிங்க், அடுப்பு மேல்தகடு போன்றவற்றில் கோடு கோடாக ஓட்டம் தெரியும். அந்த ஓட்டத்திலேயே துடைக்கிறோம், வட்டமாகத் தேய்ப்பதில்லை.

வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. "காந்தம் ஒட்டலைன்னா நல்ல சரக்கும்மா" என்று தெருவில் காட்டுவார்கள். நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். 304 என்ற முத்திரையைப் பார்த்து, ரசீது கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

மூன்று கருப்பு

இப்போது நம் சமையலறையில் திரும்பவும் கருப்பு வந்துவிட்டது. மூன்று விதமான கருப்பு இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

முதல் கருப்பு கரி, பிசுக்கு. அது அழுக்கு, போக வேண்டும்.

இரண்டாவது, இரும்புத் தோசைக்கல்லின் கருப்பு. எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமானது. அது அழுக்கு இல்லை, அதுதான் கல்லின் பதம். புதுமருமகள் சுத்தமா இருக்கட்டும்னு தேய்ச்சு வெள்ளையாக்கிட்டா மறுநாள் தோசை வராது! துணியால் துடைத்து, பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும்.

மூன்றாவது, பூசப்பட்ட கருப்பு. நான்ஸ்டிக் பூச்சுக்கு அடிப்படையான பொருளை 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டார். பிரான்சில் மார்க் கிரெகுவார் மீன்பிடி கருவிக்கு அதைப் பயன்படுத்தியபோது, சமையல் ஏனத்தில் பூசிப் பாரேன் என்று யோசனை சொன்னது அவர் மனைவி கொலெட். அந்தப் பூச்சுக்கு மரக்கரண்டி, மெத்தென்ற பஞ்சு, மிதமான தீ. வெறும் சட்டியாகப் பெரிய தீயில் விட்டால் கெட்ட புகை வரும். பூச்சு உரிந்தால் விட்டுவிட வேண்டும்.

கருப்புக் கண்ணாடி அடுப்பும் கருப்பு மிக்ஸியும் இந்த வரிசைதான். 2006க்குப் பிறகு தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2011இல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டரும் வந்து நம் வீடுகளில் கரி குறைந்தது. கருப்புச் சாமான்களும் கூடின. கருப்பில் அழுக்கு தெரியாது என்று வாங்குகிறோம். உண்மையில் கைரேகை, எண்ணெய், உப்புத்தண்ணீர்த் திட்டு எல்லாம் அதில்தான் பளிச்சென்று தெரியும். தூள் போட்டுத் தேய்த்தால் கீறல் நிரந்தரம். இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். சூடான கண்ணாடி மேல் ஈரத்துணி போடவே கூடாது, வெடிக்கும். மிக்ஸி மூடியில் ஏறிய மஞ்சள் கறையை வெயிலில் வையுங்கள், வெயிலே வெளுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே துடையுங்கள்.

இது வேலை, கணக்கில் எழுதுங்கள்

வரலாற்றில் நான் முக்கியமாக நினைப்பது கடைசியாக. 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் வந்தன. வீட்டில் சும்மா செய்த சமையலும் ஏனம் விளக்குவதும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சம்பள வேலையாயின. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. இன்று கிராமத்துப் பள்ளிகளில் நம் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள், விளக்குகிறார்கள்.

ஆனால் நாமே எடுத்துச் செய்யும் சமையல் ஆர்டரில் என்ன நடக்கிறது? அரிசி, பருப்பு, கேஸ், சமையல் கூலி, வண்டி வாடகை எல்லாம் எழுதுகிறோம். ஏனம் விளக்குற கூலி? "அது நாமளே பாத்துக்குவோம்ல" என்று விட்டுவிடுகிறோம். 200 பேர் சாப்பாட்டுக்கு எங்கள் குழுவில் இரண்டு பேர் மூன்று மணி நேரம் குனிந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் வயதான அக்காவும் புதிதாகச் சேர்ந்த தங்கச்சியும்தான். சோப்பில் கை வெடித்து, மறுநாள் காய் நறுக்க முடியாமல் போனவர்களும் எங்களில் உண்டு. லாபம் என்று நாம் பிரித்துக்கொண்டதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுக்காத கூலிதான்.

இப்போது எங்கள் ரசீதில் "ஏனம் விளக்குதல்" என்று தனி வரி இருக்கிறது. சோப்பு, கையுறை, துணி, இரண்டு பேர் கூலி அதில் அடங்கும். விளக்குகிற முறையும் மாறி மாறி வருகிறது, ஒருத்தி தலையிலேயே விழுவதில்லை. முதலில் ஒரு சிலர் முகம் சுளித்தார்கள். விளக்கிச் சொன்னதும் கொடுக்கிறார்கள்.

புளியா சாம்பலா, அழுத்தமா மெதுவா என்று ஏனத்தைப் பார்த்ததுமே சொல்லத் தெரிந்தவள் கைத்தொழில்காரிதான். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அடுத்த ஆர்டரின் விலைப்புள்ளியிலேயே அந்த ஒரு வரியைச் சேருங்கள்.