கொக்கலையின் பறக்கும் படகு: மாதிரியுருவாக்கமும் வரலாற்று நோக்கும்

வரலாற்று மூலங்களைக் கல்வெட்டு, நாணயம், ஏடு, அரச ஆவணம் எனப் பகுத்து ஆராய்தல் மரபு. போர்க்கால விமானமொன்றின் சிறு மாதிரியுருவை அமைக்கும் பணியை இவற்றின் அருகே வைத்து நோக்குவோர் அரியர். அது வெறும் பொழுதுபோக்கென்றே கருதப்படுகின்றது. மாதிரியுரு ஒரு மூலமன்று என்பது உண்மையே. ஆயினும், மூலங்களிடம் நாம் கேட்க மறந்த வினாக்களை அது கேட்கச் செய்கின்றது. 1942 ஆம் ஆண்டில் தென்னிலங்கையின் கொக்கலை வாவியிலிருந்து பறந்த கற்றலீனா விமானத்தைக் கொண்டு இதனை விளக்கலாம்.

அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட கற்றலீனா 1935 இல் முதன்முதலாகப் பறந்தது. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்குவதால் அது பறக்கும் படகு எனப்பட்டது. அதன் இறக்கை முனைக்கு முனை 31.7 மீற்றர், நீளம் ஏறத்தாழ 19.5 மீற்றர். 1:72 என்னும் அளவிடையில் இவை முறையே 44, 27 சென்ரிமீற்றராகச் சுருங்குகின்றன.

மாதிரியுருவை அமைப்போன் முதலில் எதிர்கொள்வது காலம் பற்றிய வினாவாகும். 'போர்க்காலக் கற்றலீனா' என எழுத்திற் பொதுப்படக் கூறிவிடலாம். கையாற் செய்யப்படும் உருவிலோ அவ்வாறு பொதுமைப்படுத்த இயலாது. கடைகளிற் கிடைக்கும் தொகுதிகள் பல, தரையிலும் இறங்கவல்ல, சக்கரமுடைய வகையைச் சார்ந்தவை. 1942 இல் கொக்கலையில் இருந்த வகைக்குச் சக்கரங்கள் இல்லை. கரையேற்றும்போது மட்டும் தற்காலிகச் சக்கரங்கள் பூட்டப்பட்டன. எனவே சக்கரக் குழிகளை நிரப்பித் தேய்த்து மறைத்தல் வேண்டும். வட்டச் சின்னமும் அத்தகையதே. யப்பானியரின் செந்நிறச் சின்னத்தோடு மயங்காதிருக்கும் பொருட்டு, 1943 இல் இப்பிராந்தியத்துப் பிரித்தானிய விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. ஆகவே 1942 ஏப்பிரல் மாத விமானத்துக்குச் சிவப்பு நடுவட்டம் இன்றியமையாதது. இறக்கை முனை மிதவைகளோ நீரிற் கீழிறங்கியும் வானில் மேல்மடிந்தும் அமைவன. எந்த ஆண்டு, எந்த வேளை என்பதற்கு விடை காணாமல் ஒரு துண்டையேனும் ஒட்ட முடியாது.

இரண்டாவது வினா மனிதரைப் பற்றியது. 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி கனடிய விமானப்படையின் 413 ஆம் அணியைச் சேர்ந்த கற்றலீனாவொன்று, நகுமோவின் தலைமையில் இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே தாக்கப்பட்டு வீழ்ந்தது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல் 'இலங்கையின் இரட்சகர்' எனப் புகழப்பட்டார். மாதிரியுருவின் உட்புறத்தை அமைக்கும்போது இப்புகழுரையின் போதாமை புலப்படும். விமானிகளுக்குப் பின்னே வழிகணிப்போனுக்கும் வானொலியாளனுக்கும் இடம் உண்டு. இறக்கையைத் தாங்கும் ஒடுங்கிய தூணினுள்ளே பொறியாளன் அமர்கின்றான். பின்புறத்தே இருமருங்கும் புடைத்த கண்ணாடிக் கூண்டுகளில் நின்று கடலை நோக்குவோர் உளர். நெடும் பறப்பிற் களைத்தோர் துயில நடுவே படுக்கைகளும் உள்ளன. அன்று அதிற் சென்றோர் ஒன்பதின்மர், மூவர் மாண்டனர், எஞ்சிய அறுவரும் 1945 வரை யப்பானியரின் சிறையில் இருந்தனர். ஏப்பிரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிய நாளிலும், அதே அணியின் இன்னொரு கற்றலீனா பகைவரின் நிலையை அறிவித்தபின் அனைவரோடும் அழிந்தது. அவர்களுக்கு எப்பட்டமும் வாய்க்கவில்லை.

முன்னறிவித்தலின் பயனையும் அளந்தே கூறுதல் வேண்டும். அதனாற் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல முன்னரே வெளியேற்றப்பட்டன. ஆயினும் ஏப்பிரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் வந்தபோது இரத்மலானையிற் பிரித்தானியப் போர்விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன.

இனி, மாதிரியுரு காட்ட இயலாதவற்றை நோக்குவோம். பேர்ச்சல் குழுவினர் பகைவரைக் கண்டது இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவிலாகும். அதே 1:72 அளவிடையில் அக்கடலையும் அமைப்பதாயின், 44 சென்ரிமீற்றர் விமானத்தின் முன் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீர்ப்பரப்பை விரித்தல் வேண்டும். மணிக்கு 200 மைலை எட்டாத ஒரு விமானம், 300 மைலை விஞ்சும் போர்விமானங்களின் முன் அத்தொலைவில் தனித்து நின்றது. மேசைமீதுள்ள அழகிய உரு இத்தனிமையை மறைத்துவிடுகின்றது.

அது மறைக்கும் மற்றொன்று நமக்கு மேலும் அண்மையது. கொக்கலைத் தளம் வெற்றிடத்தில் எழுந்ததன்று. அதன்பொருட்டுக் கிராமத்தவர் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்தகமும் அந்நிலத்தினுள் அகப்பட்டது. அவ்வில்லம் எஞ்சி, நாட்டார் கலை அரும்பொருளகத்தின் பகுதியாகப் பேணப்படுகின்றது. அயலவர் பலரின் இல்லங்களுக்கு அப்பேறு கிட்டவில்லை. விமானத்தின் ஆணிவரிசையைக்கூட எண்ணிக் காட்டும் தொகுதிகளில், அது மிதந்த வாவிக்கரையின் குடிகளுக்கு ஒரு துண்டேனும் இல்லை.

இக்குறை மாதிரியுருவுக்கு மட்டும் உரியதன்று. போர் வரலாறுகள் பலவும் கருவியை நுணுக்கமாகவும் களத்தை மங்கலாகவுமே தீட்டுகின்றன. கற்றலீனாவை உருவாக்க முனையும் மாணவன் விமானத்தோடு நின்றுவிடாது, அதன் கீழே வாவியையும் கரையையும் வெறுமையான வீடுகளையும் அதே அளவிடையில் அமைக்கட்டும். அப்போதுதான் 1942 ஆம் ஆண்டின் கொக்கலை முழுமையாகப் புலப்படும்.