பெயர்க் கிறிஸ்தவமும் மெய்ச் செபமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு தேடலின் வரலாறு

கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் 1658இல் கட்டளையிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையில் யார் உண்மையாகச் செபித்தார்கள் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர் இக்கட்டளையிலிருந்தே தொடங்க வேண்டும். இதற்குப் பின் வெளியே தெரிந்த சமயமும் வீட்டுக்குள் நடந்த வழிபாடும் வெவ்வேறாயின.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். அவர்கள் ஆண்ட கரையோரங்களில் அரச உத்தியோகம் பெறவும் திருமணத்தைப் பதியவும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றவர்களில் பலர் வீட்டில் சைவராகவே வாழ்ந்தனர். அவர்களைப் பொய்யர் என்று பழிப்பது எளிது. ஆனால் அந்தப் பொய்யை விதைத்தது ஆட்சியே என்பதே என் முடிவு. பிழைப்பையும் நம்பிக்கையையும் ஒரே பதிவேட்டில் எழுதிவைத்தால் வேறென்ன விளையும்?

இதே காலத்தில் நேர்மாறான ஒன்றும் நடந்தது. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த குருமாரும் கண்டி அரசின் ஆதரவில் மறைந்திருந்த கத்தோலிக்கரைத் தேடிச் சென்றனர். உத்தியோகம் நாடியவரின் ஞானஸ்நானம் ஊரறிய நடந்தது, அதில் மனம் இல்லை. இந்தக் குருவின் உடை வேடம், செபம் மெய். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அக்காலத்துக் கிறிஸ்தவத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

வாவிக்கரையில் பெயரும் செபமும் பிரிந்து நின்றதற்குச் சான்றாக நிற்பவர்கள் ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியர். அவர்களிடையே ஒல்லாந்தக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் வழிபாடு பெரும்பாலும் கத்தோலிக்கம், பரம்பரைப் பேச்சு போர்த்துக்கேயக் கிறியோல். ஆண்டவர்களின் பெயரைத் தாங்கிய குடும்பங்களிலும் அவர்களின் சமயம் வேரூன்றவில்லை.

பிரித்தானியர் வந்தபின் உண்மை வெளிப்பட்டது. 1801இல் தீவு முழுவதும் 3,42,000 பேருக்கு மேல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களாகக் கணக்கிடப்பட்டிருந்தனர். கட்டாயம் விலகியதும் அத்தொகை வேகமாகச் சரிந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகளும் 1806இல் நீங்கின. சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கைக் கிறிஸ்தவம் பற்றி 1850இல் வெளியிட்ட நூல் இப்பெயர்க் கிறிஸ்தவத்தை விரிவாகப் பேசுகிறது.

இச்சரிவின் நடுவே 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவரும் ஏனைய மிஷனரிமாரும் வந்த பயணத்தில் அவர்களின் தலைவர் தோமஸ் கோக் கடலில் இறந்தார். ஓல்டின் மனைவியும் வழியிலேயே காலமானார். தனியாக வந்து பாடசாலை தொடங்கிய ஓல்ட் 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஓராண்டுகூட நிறையாத அப்பணியிலிருந்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றைத் தொடங்குகிறது. பதவி காட்டி ஆளைச் சேர்க்கும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இது பெரிய விலகல்.

மிஷன் பாடசாலைகளிலும் சலுகையின் நிழல் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அங்கே கற்றோர் மதம் மாறியே ஆக வேண்டும் என்றிருக்கவில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற காரைதீவு மயில்வாகனமே பின்னர் இந்துத் துறவி சுவாமி விபுலாநந்தரானார்.

இதே கேள்வி அண்மைக் காலத்திலும் எழுந்தது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஆழிப்பேரலை அடித்தபின், நிவாரணத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. துயரத்தில் இருப்பவரிடம் உதவிக்கு ஈடாக நம்பிக்கையைக் கேட்பது ஒல்லாந்தர் செய்த அதே தவறு. மனத்தின் செபத்தைச் சட்டத்தால் அளக்க முயல்வதும் அதே தவறுதான்.

பதிவேடுகள் யார் பெயர் கொடுத்தார்கள் என்பதை மட்டுமே சொல்கின்றன. வீட்டுக்குள் சொல்லப்பட்ட செபங்கள் முதியோரின் நினைவில்தான் இருக்கின்றன. பறங்கியர், தமிழ்க் கத்தோலிக்கர், மெதடிஸ்தர் ஆகியோரின் குடும்ப வழிபாட்டு மரபுகளை, அம்முதியோர் வாழும் காலத்திலேயே, மட்டக்களப்புத் திருச்சபைகளும் கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பதிவுசெய்ய வேண்டும்.