வல்லிசுநேரி கண்ட சூலகம்

1721ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவ அறிஞர் அந்தோனியோ வல்லிசுநேரி, மணமாகியும் மகப்பேறு வாய்க்காத உழவர்குல இளம்பெண் ஒருத்தியின் சூலகங்களைப் பற்றி எழுதினார். அவை புறாமுட்டையளவு பருத்து, மேடுபள்ளமாய், வெண்மையாய் மினுங்கின என்பது அவர் குறிப்பு. மலடி என்னும் வசைக்கு ஆளானவளின் உடலில் ஒரு காரணம் இருந்தது. ஆயினும் இருநூறாண்டுக் காலம் அதனைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலரே.

1935இல் சிக்காகோ நகர வைத்தியர்களான ஸ்டைனும் லெவெந்தாலும் ஏழு பெண்களின் நோய்வரலாற்றை வெளியிட்டனர். இரு சூலகங்களிலும் ஆப்புவடிவாக ஒரு பகுதியை அறுத்து நீக்கவே, எழுவருக்கும் மாதவிடாய் மீண்டது, இருவர் கருவுற்றனர். சத்திரவைத்தியத்துக்கு இது பெருவெற்றிதான். ஆனால், அறுத்தவிடத்தில் இழையங்கள் ஒட்டிக்கொண்டு கருவுறுதற்குப் புதுத் தடையாவதும் பின்னர் தெரிந்தது. மேலும், நீர்க்கட்டிகள் எனப்பட்டவை கட்டிகளே அல்ல. முதிராது நின்றுபோன புடைப்புகள்!

நோய் சூலகத்தோடு நிற்கவுமில்லை. குருதியில் இன்சுலினும் ஆண் ஓமோன்களும் ஒருங்கே மிகுவது 1980இல் அறியப்பட்டது. அழற்சியைக் காட்டும் புரதமொன்று இப்பெண்களிடம் மிகுந்திருப்பதை 2001இல் கிளாஸ்கோ ஆய்வாளர் கண்டனர். உயிர்க்கலங்களில் ஒட்சியேற்றம் கட்டுமீறினால் அழற்சி வளரும். இரண்டும் இன்சுலினின் செயலை மழுக்கும். அதனால் மிகையாய்ச் சுரக்கும் இன்சுலின், ஆண் ஓமோன்களைப் பெருக்கச் சூலகத்தைத் தூண்டும். இவ்வட்டத்தில் முந்தியது எதுவென்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமனப்படவில்லை.