வைஜயந்திமாலா

திருவல்லிக்கேணியில் பிறந்து, வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்று, ஏ.வி.எம்.மின் ‘வாழ்க்கை’ (1949) படத்தின் மூலம் திரையுலகில் பிரவேசித்து, அதன் இந்தி வடிவமான ‘பஹார்’ (1951) வழியே பம்பாய் சென்று, அங்கே பெருங்கீர்த்தி பெற்ற நடிகை. ‘நாகின்’ (1954) அவரது நர்த்தனத்தை வடநாடெங்கும் பிரசித்தமாக்கியது. ‘தேவதாஸ்’ (1955) படத்தில் சந்திரமுகியாக நடித்தமைக்குத் துணைநடிகை என்ற பிரிவில் பிலிம்பேர் விருது அளிக்கப்பட்டபோது, அப்பாத்திரம் நாயகிக்கு இணையானதே என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். தம் கலையின் மதிப்பை அவர் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. ‘கங்கா ஜமுனா’ (1961) படத்தில், தென்னாட்டுப் பெண்ணாகிய அவர், உத்தரப் பிரதேசத்துக் கிராமிய வழக்கிலேயே வசனம் பேசிச் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றது, அவருடைய சாதனைகளுள் தலையாயது எனலாம்.

1968-இல் டாக்டர் சமன்லால் பாலியை விவாகம் செய்துகொண்டபின் திரையை விட்டு விலகி, நாட்டியத்திலேயே மனத்தைச் செலுத்தினார். தாம்பரம், ஆலந்தூர் ஆகிய புறநகர்ப் பகுதிகளும் அடங்கியிருந்த தென்சென்னைத் தொகுதியிலிருந்து 1984, 1989 ஆகிய இரு தேர்தல்களிலும் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1984-இல் அவர் வென்றது நாடாளுமன்ற அனுபவம் மிக்க இரா. செழியனை. 2024-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.