கோல்நுனியில் ஒரு வரலாறு

ஸ்னூக்கர் கூடம் என்றாலே நம்மவருள் பலர் முகம் சுளிப்பதுண்டு. புகையும் வீண்பொழுதும் பந்தயப் பணமும் மலிந்த இடம் என்பது பெற்றோர் பலரின் உள்ளத்தில் ஊறிப்போன கருத்து. அக்கருத்தில் உண்மை அறவே இல்லை என்று வாதாட யான் முற்படவில்லை. ஆயினும், அக்கூடத்தின் பச்சைக் கம்பளத்தின்மேல் உருளும் வெண்பந்துக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைத் திசை திருப்பிய பொருளோ, ஆட்டக்கோலின் முனையில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு சிறு தோல்வில்லை. ஸ்னூக்கர் கோலில் அதன் குறுக்களவு பெரும்பாலும் 10 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. தேருக்கு அச்சாணி எத்தகையதோ, இவ்வாட்டத்திற்கு அத்தோல்வில்லை அத்தகையது.

இவ்வில்லையின் கதையை ஆராயப் புகுந்தால், விளையாட்டினும் பெரியதொரு வினா நம்முன் எழுகின்றது. ஒருவன் கண்டறிந்த நுட்பத்தைத் தன்னுள் மறைத்து வைப்பதா, உலகுக்கு எடுத்துரைப்பதா என்பதே அவ்வினா. தம் மருந்தின் பக்குவத்தை மகனுக்கும் சொல்லாமல் மறைந்துபோன வைத்தியர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வினா புதியதன்று.

தள்ளும் மட்டையும் அடிக்கும் கோலும்

புல்தரையில் பந்தைத் தட்டி விளையாடிய ஆட்டமே ஐரோப்பாவில் மேசைமேல் ஏறிப் பிலியர்ட்ஸ் ஆயிற்று என்பர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியிடம் அத்தகைய மேசை இருந்தது. இன்றும் மேசைமேல் விரிக்கப்படும் கம்பளித் துணி பச்சை நிறத்ததாய் இருப்பது அப்பழைய புல்தரையின் நினைவே எனலாம்.

தொடக்கத்தில் ஆடுவோர் கையிலிருந்தது கோல் அன்று. தலை பருத்த ஒரு மட்டை. அம்மட்டையின் தலையைப் பந்தின் பின்னால் வைத்துத் தள்ளுவதே ஆட்டமாக இருந்தது. பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் பருத்த தலை அங்கே இடங்கொள்ளாது. அந்நிலையில் ஆடுவோர் மட்டையைத் திருப்பி, அதன் மெல்லிய வாற்புறத்தால் பந்தை அடித்தனர். வாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே 'கியூ' என்பது. வால் நாளடைவில் கோலாயிற்று, தலை வழக்கொழிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இம்மாற்றம் முற்றுப்பெற நெடுநாள் ஆயிற்று. துணியைக் கிழித்துவிடுவர் என்ற அச்சத்தால், பெண்டிருக்கு மட்டும் நெடுங்காலம் மட்டையே தரப்பட்டது என்பதும் அறியத்தக்கது.

எனினும், கோலின் முனை வெறும் மரமாகவே இருந்தவரை ஆட்டம் குறுகியதாகவே இருந்தது. பந்தின் நட்டநடுவில் அடித்தால் அது நேரே செல்லும். நடுவிலிருந்து விலகி அடித்தாலோ கோல்முனை பந்தின் வளைந்த பரப்பில் வழுக்கிவிடும். ஆகவே, பந்துக்கு விரும்பிய சுழற்சியைக் கொடுப்பது அரிதாயிருந்தது.

சிறைப்பட்டவரின் சிந்தனை

இக்குறையைத் தீர்த்தவராக வரலாறு போற்றுபவர் பிரான்சுவா மங்கோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர். அவர் 1771-ஆம் ஆண்டு தென் பிரான்சில் நீம் நகருக்கு அருகிலுள்ள லெ கய்லார் என்னும் ஊரில் பிறந்தவர். அரசியல் காரணத்தால் சிறைப்பட்டிருந்த காலத்தில் பிலியர்ட்ஸ் மேசை ஒன்று அவருக்குக் கிட்டியது என்றும், அங்கேதான் கோல்முனையில் தோலைப் பொருத்திப் பார்த்தார் என்றும், விடுதலை நாள் வந்தபோது தம் ஆராய்ச்சி முற்றுப்பெற மேலும் சில நாள் சிறையிலிருக்க இசைவு கேட்டார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. கடைசிச் செய்தி கட்டுக்கதையாகவும் இருக்கலாம். சுவையான கதைக்குச் சான்று தேடுவார் எப்போதும் சிலரே. கண்டுபிடிப்பின் காலம் 1807-ஐ ஒட்டியது என்பர் ஒரு சாரார். அதற்குப் பிற்பட்டது என்பர் மற்றொரு சாரார்.

ஐயத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்றுண்டு. மங்கோ தாம் கண்டறிந்தவற்றைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1827-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், வியத்தகு அடிகளைப் படங்களோடு விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னோக்கித் திரும்பும் பந்து, வளைந்து செல்லும் பந்து, கோலைச் செங்குத்தாகத் தூக்கி அடிக்கும் அடி ஆகியவற்றைக் கற்க விரும்பியவர் எவரும் அந்நூலை விரித்துக் கற்கலாயிற்று. இலண்டனில் பிலியர்ட்ஸ் மேசை செய்த ஜான் தர்ஸ்டன் 1830-ஆம் ஆண்டு அதனை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1847-ஆம் ஆண்டு ராட்டர்டாம் நகரில் மங்கோ மறைந்தார்; அவர் கற்பித்த அடிகள் மறையவில்லை.

அரைக் கிரௌன் விலையில் ஒரு பொடி

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. பாத் நகரில் பார்ட்லி என்பவர் பிலியர்ட்ஸ் கூடம் நடத்திவந்தார். அங்கே ஆட்டக் கணக்குக் குறிக்கும் 'மார்க்க'ராகப் பணியாற்றியவர் ஜாக் கார். பந்தின் பக்கவாட்டில் அடித்தால் அது விளிம்பிற் பட்டுத் திரும்பும் கோணம் மாறும் என்னும் நுட்பத்தைப் பார்ட்லியிடமிருந்து கார் அறிந்துகொண்டார். கோல்முனை வழுக்காதிருக்கச் சுண்ணத்தூள் தடவும் வழக்கமும் அவருக்குக் கைவந்தது.

அந்நுட்பத்தைக் கண்டு வியந்தோர் இரகசியம் யாதெனக் கேட்டபோது, எல்லாம் தம்மிடமுள்ள பொடியின் மகிமையே என்றார் கார். சிறு சிமிழ்களில் அப்பொடியை அடைத்து, சிமிழ் ஒன்று அரைக் கிரௌன் விலையில் விற்றார் என்று கூறப்படுகிறது. வாங்கிச் சென்றவர் கையிலிருந்ததோ எங்கும் கிடைக்கும் வெறும் சுண்ணக்கட்டியின் தூள்! பொடியை வாங்கியவர் பலர். நுட்பத்தைப் பெற்றவர் எவருமிலர்.

காரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால், பிறர் ஆட்டத்திற்குப் புள்ளி குறித்து வயிறு வளர்த்த ஓர் ஏழைப் பணியாளருக்கு இருந்த ஒரே முதல் அவ்விரகசியந்தான் என்பதையும் மறத்தலாகாது. ஓய்வூதியம் பெறும் படைத்தலைவர் நூலெழுதலாம். அன்றாடங்காய்ச்சி தன் வித்தையை இலவசமாக வழங்கிவிட்டால் நாளை உலையில் இடுவது எதனை? இவ்விரு பக்கத்தையும் நோக்கிய பின்னரே நாம் தீர்ப்புக் கூறுதல் முறையாகும்.

கணக்கும் வேதியியலும்

மங்கோ போன்றோரின் அடிகள் அறிஞர் கண்ணுக்கும் விருந்தாயின. புவியின் சுழற்சியால் காற்று விலகிச் செல்வதை விளக்கும் விதியோடு பெயர் இணைந்துள்ள கொரியோலிசு என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், 1835-ஆம் ஆண்டு பிலியர்ட்ஸ் ஆட்டத்தின் விளைவுகளைப் பற்றிக் கணித நூலே எழுதி வெளியிட்டார்.

கணக்கு கூறுவது இதுதான். ஸ்னூக்கர் பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், அதாவது ஆரத்தில் பாதி அளவு விலகி அடிக்கும்போது, கோல் பந்தின் பரப்பை 30 பாகைச் சாய்வில் சந்திக்கின்றது. அங்கே வழுக்காதிருக்க உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.58 இருத்தல் வேண்டும். மரத்தால் அது இயலாது. சுண்ணம் தடவிய தோலால் இயலும். தோலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே. கண் இமைப்பதற்குள் நூறு முறை நடந்து முடியக்கூடிய அத்தொடுகையில் ஆட்டத்தின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கின்றது.

சுண்ணத்தின் கதையும் அத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்ஸ் பிரான்சிலிருந்து வந்த ஒரு கட்டியின் பற்றுதிறனைக் கண்டு வியந்து, அதனை வேதியியலார் வில்லியம் ஹாஸ்கின்ஸிடம் கொடுத்தார். ஆராய்ந்ததில் அது சுண்ணமே அன்று, எரிமலைக் கல் என்று புலனாயிற்று. சிலிக்காவும் குருந்தக் கல்லின் பொடியும் சேர்த்து அவர்கள் ஆக்கிய கட்டிக்கு 1897-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. இன்று 'சாக்' என்று நாம் அழைக்கும் கட்டி இதன் வழித்தோன்றலே. கார் பொடியின் பெயரில் பொய் சொன்னார். இவர்கள் பொடியின் செய்முறையை எழுதிப் பதிவு செய்தனர். உரிமையும் காக்கப்பட்டது, அறிவும் வெளிப்பட்டது. ஏழைக் கலைஞனின் சிக்கலுக்குப் பிற்காலம் கண்ட விடை இதுவே எனலாம்.

நீலமலையில் எழுதிய விதி

இவ்வரலாறு தமிழ் மண்ணையும் தொட்டுச் செல்கின்றது. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூர்ப் படைமுகாமில், நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி, அக்காலத்து மேசையாட்டம் ஒன்றில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. 'ஸ்னூக்கர்' என்பது படைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவரைக் கேலியாகக் குறித்த சொல். பின்னர் அவர் உதகமண்டலத்திற்கு வந்தார். 1882-ஆம் ஆண்டு அவ்வூர் மன்றத்தின் பிலியர்ட்ஸ் அறையில் ஆட்ட விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

ஆட்டத்தைத் தோற்றுவித்தவர் யார் என்ற வழக்குப் பின்னாளில் எழுந்தபோது, சேம்பர்லின் 1938-ஆம் ஆண்டு 'தி ஃபீல்டு' இதழுக்குக் கடிதம் எழுதித் தம் உரிமையை நிலைநாட்டினார். எழுதப்பட்டது நின்றது. ஆனால், அதே அறைகளில் பந்துகளை அடுக்கி வைத்தவரும், துணியைத் துலக்கியவரும், தேய்ந்த நுனிகளை மாற்றியவருமான இந்திய மார்க்கர்களின் பெயர்கள் எங்கே? அவர்கள் எழுதவில்லை, அவர்களைப் பற்றி எழுதுவாரும் இலர். 1958-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பிலியர்ட்ஸ் வாகையரானபோதுதான், வெள்ளையர் மன்றத்து ஆட்டத்தில் இந்தியர் ஒருவரின் பெயர் உலகப் பதிவேட்டில் ஏறியது.

கையிலிருந்து கைக்கு

அம்மார்க்கர்கள் வாய்மொழியாய் விட்டுச்சென்ற கைப்பக்குவத்தையேனும் இங்கே எழுதி வைப்பது நம் கடன்.

முதலில் தேர்வு. மெத்தென்ற தோல் பந்தைக் கூடுதலாகப் பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்து தட்டையாகும். கெட்டியான தோல் நெடுநாள் உழைக்கும், வடிவம் மாறாது. ஆனால் சாக் குறைந்தால் மன்னிக்காது வழுக்கிவிடும். கற்பவருக்கு இடைப்பட்ட தன்மையுடையதே ஏற்றது. ஒரே தோலில் வெட்டிய வில்லைகள் ஒன்றுபோல் மற்றொன்று இரா. ஆகவே விரல்நகத்தால் அழுத்திப் பார்த்தும், கல்மேல் போட்டு ஓசை கேட்டும் தேர்ந்தெடுத்தல் பழைய வழக்கம். மெத்தென்ற வில்லையை இரவெல்லாம் பாலில் ஊறவைத்து, இடுக்கியில் நெருக்கி உலர்த்திக் கெட்டியாக்குவோரும் உளர். மென்தோல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் ஜப்பானிய வில்லைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் பரவின. அவை ஒன்றுபோல் ஒன்று அமைவதே அவற்றின் சிறப்பு. பூல் ஆட்டக் கோலுக்கு 12 முதல் 13 மில்லிமீட்டர் வரையுள்ள அகன்ற வில்லை வேண்டும்.

அடுத்துப் பொருத்துதல். உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல் ஸ்னூக்கர் கோலின் முனைக்கும் பித்தளைப் பூண் உண்டு. பழைய வில்லையை நீக்கி, பூணிலும் மரத்திலும் எஞ்சிய பசையைச் சுரண்டி, முகப்பு முற்றும் சமமாக இருக்கச் செய்தல் வேண்டும். அரத்தால் அழுத்தித் தேய்த்தால் முகப்பு சாய்ந்துவிடும். அச்சாய்வு அடிதோறும் வெளிப்படும். வில்லையின் அடிப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மெல்லிய பசை தடவி, நடுவில் வைத்து அழுத்துதல் வேண்டும். முற்காலத்தில் பசைத் தகட்டைத் தீக்குச்சியால் சூடாக்கி ஒட்டியபின் ஓரிரவு காத்திருந்தனர். இன்றைய பசை நொடியில் பிடித்துவிடும். பொறுமையற்றவன் வில்லையைக் கோணலாக ஒட்டுவதற்கும் அந்நொடியே போதுமானது. ஒட்டியபின் கோலைத் தலைகீழாகப் பலகைமேல் ஊன்றி, பூணைத் தாண்டி நிற்கும் தோலைக் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவ வேண்டும். இறுதியில் உப்புத்தாளால் நுனியை நாணய விளிம்பின் வளைவுபோல் உருண்டையாக்குதல் வேண்டும்.

பின்னர்ப் பேணுதல். ஒவ்வோர் அடிக்கும் முன்னர்ச் சாக்கைத் துடைப்பம்போல் மெல்லத் தடவுக. துளையிடுவதுபோல் திருகுதல் ஆகாது. அடிபட்டு அடிபட்டுத் தோல் பளபளப்பானால் அது சாக்கை ஏற்காது, சற்றே சொரசொரப்பாக்குக. காளான்போல் பக்கவாட்டில் பிதுங்கினால் சீவிவிடுக. கோலை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைத்தால் பசையும் இளகும், மரமும் வளையும்.

இவற்றில் எதுவும் அரிய மந்திரமன்று. ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவையே. ஆயினும், சொல்வாரின்றேல் ஒவ்வொருவரும் பத்து வில்லைகளைக் கெடுத்தே கற்க வேண்டியிருக்கும். மங்கோவின் நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. காரின் சிமிழை வாங்கியவர் வெறுங்கையோடு சென்றார். மங்கோவின் நூலை வாங்கியவர் ஆடக் கற்றார். நம்மிடையேயும் மரம் இழைப்பவர், பால்மரம் சீவியவர், நாதசுரத்துக்குச் சீவாளி கட்டுபவர் எனக் கைப்பக்குவம் உடையோர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக. அவ்வாறு எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் சேர்த்தே எழுதுவோமாக.